லைம் சிகிச்சையின்போது எடுத்த கன உலோகப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

நீண்டகால லைம் நோய் (உண்ணிக் கடியால் பரவும் கிருமித்தொற்று) என்று சொல்லப்பட்டுச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம், ஏதோ ஒரு கட்டத்தில், உடலில் ஈயம், பாதரசம் போன்ற கன உலோகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது. சில வாரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் நீண்ட ஓர் அறிக்கை கைக்கு வந்து சேர்கிறது. அதைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் பலர்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இப்படிப்பட்ட அறிக்கைகளை வைத்திருந்தவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஏறக்குறைய எல்லாருமே எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால், அந்த எண் எந்த மாதிரியிலிருந்து, எந்த நிலையில், எதைச் சாப்பிட்ட பிறகு வந்தது என்பது தெரியாதவரை அதற்குப் பொருளே கிடையாது. ஆகவே இந்த வழிகாட்டியின் படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். எண்ணைப் படிப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது.

இது மருத்துவரிடம் போகும் முன் உங்களைத் தயார்ப்படுத்தும் குறிப்பு. மருந்தைத் தொடங்குவதையோ நிறுத்துவதையோ இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

1. முதலில் மேசைமேல் சேர்த்து வைக்க வேண்டியவை

அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். கிளினிக்கில் முதல் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். முக்கியமான குறிப்புகள் கடைசிப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருக்கும். முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுத்த தேதிக்கு முந்தைய ஒரு மாதத்தில் எடுத்த மருந்துகள், சத்து மாத்திரைகள், சொட்டு மருந்துகள், பொடிகள், களிமண் கலவைகள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். லைம் சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியல் பெரும்பாலும் நீளமானது. 'இது மூலிகைதானே' என்று விட்டுவிடும் பொருளில்தான் பல சமயம் விடை இருக்கிறது.

அடுத்து, மாதிரிக்கு முந்தைய ஐந்து நாட்களில் சாப்பிட்ட மீன், இறால், நண்டு, கடற்பாசி ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதுங்கள். எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேனுக்காக நரம்பில் மருந்து ஏற்றியிருந்தால் அந்தத் தேதியும் வேண்டும். காடோலினியம், அயோடின் கலந்த ஸ்கேன் மருந்துகள் உலோகங்களை அளக்கும் கருவியின் அளவீட்டைக் குழப்பக்கூடியவை. அதனால்தான் அவற்றை ஏற்றிய பிறகு குறைந்தது 96 மணி நேரம் கழித்தே மாதிரி எடுக்கும்படி பெரிய ஆய்வுக்கூடங்கள் கேட்கின்றன. மூளை எம்ஆர்ஐ எடுத்த கையோடு உலோகப் பரிசோதனைக்கும் போனவர்களின் அறிக்கையில் காடோலினியம் உச்சத்தில் இருந்தால், அது அந்த ஸ்கேனின் சுவடு.

கடைசியாக, சிறுநீரகச் செயல்பாடு, முழு ரத்த எண்ணிக்கை, லைம் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்களையும் எடுத்து வையுங்கள். ஒன்பதாம், பதினோராம் படிகளில் அவை தேவைப்படும்.

2. மாதிரிக்கு முன் உலோகத்தை வெளியே இழுக்கும் மருந்து கொடுத்தார்களா?

இந்த ஒரு கேள்விக்கான விடை, பல அறிக்கைகளை அங்கேயே மூடி வைத்துவிடும். ஆகவே இங்கே நிதானமாக நில்லுங்கள்.

டிஎம்எஸ்ஏ, டிஎம்பிஎஸ், இடிடிஏ போன்றவை கீலேஷன் மருந்துகள். இவை உலோக அணுக்களைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேறும். சில கிளினிக்குகளில் முதலில் இவற்றுள் ஒன்றை மாத்திரையாகவோ நரம்பு வழியாகவோ கொடுத்து, அடுத்த சில மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். தூண்டல் பரிசோதனை என்று இதைச் சொல்லலாம்.

இந்த மருந்தை எந்த நோயும் இல்லாத ஒருவருக்குக் கொடுத்தாலும் அவருடைய சிறுநீரில் ஈயமும் பாதரசமும் ஏறத்தான் செய்யும். இன்றைய உலகில் வாழும் எல்லாருடைய உடலிலும் இவை சிறிதளவு உண்டு. ஆனால் அறிக்கையில் ஒப்பிடுவதற்காக அச்சிட்டிருக்கும் வரம்பு, மருந்து எதுவும் எடுக்காதவர்களின் சிறுநீரிலிருந்து பெற்றது. பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்தில் மரத்தை உலுக்கி விழவைத்த பழங்களை எண்ணி, இரவில் தானாக விழுந்த பழங்களின் கணக்கோடு ஒப்பிட்டு, இந்த மரம் அளவுக்கு மீறிக் காய்க்கிறது என்று சொல்வதைப் போன்றது இது.

அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010-இல் வெளியான தன் நிலைப்பாட்டு அறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தூண்டல் சிறுநீர்ப் பரிசோதனை அறிவியல்பூர்வமாகச் சரிபார்க்கப்படாதது, அதனால் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை, தீங்கு நேரவும் வாய்ப்புண்டு.

உங்கள் அறிக்கை எந்த வகை என்று கண்டுபிடிக்க, மாதிரி விவரம் அச்சிட்ட பகுதியைப் பாருங்கள். தூண்டலுக்கு முன், தூண்டலுக்குப் பின் என்று தேர்ந்தெடுக்கும் இடம் அங்கே இருக்கும். தூண்டும் மருந்தின் பெயருக்கும் ஓரிடம் இருக்கும். அது வெற்றாக விடப்பட்டிருந்தால் மருந்து கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளினிக்கிலேயே கேளுங்கள்: "டாக்டர், இந்தச் சிறுநீரைச் சேர்ப்பதற்கு முந்தைய நாளோ அன்றோ எனக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதித் தர முடியுமா?" சிலருக்கு அது 'சுத்திகரிப்பு மாத்திரை' என்ற பெயரில் கொடுக்கப்பட்டிருக்கும், அதனால்தான் பெயரை எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

இப்படி வைத்துக்கொள்வோம். டிஎம்எஸ்ஏ கொடுத்து ஆறு மணி நேரம் சேர்த்த சிறுநீரில், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரில் வெளியேறும் தசைக் கழிவுப்பொருள்) 18 மைக்ரோகிராம் ஈயம். வரம்பு இரண்டுக்குக் கீழ் என்று அச்சிட்டிருக்கிறது. சிவப்புப் பட்டை பக்கத்தின் ஓரம்வரை ஓடுகிறது. பக்கத்தின் அடியில், வரம்புகள் தூண்டல் இல்லாத மாதிரிக்கு உரியவை என்று ஒரு வரி. அதே ஆளுக்கு மருந்தில்லாமல் எடுத்த ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம் என்றால், அவருக்கு ஈய நச்சு இல்லை. பயம் முழுவதும் பொருந்தாத இரண்டு எண்களை ஒப்பிட்டதால் வந்தது.

தூண்டல் அறிக்கை என்று உறுதியானால், அதை ஓரமாக வைத்துவிட்டு நேராகப் பத்தாவது படிக்குப் போங்கள். அந்த எண்களைத் திருத்திப் படிக்க வழி எதுவும் கிடையாது.

3. உலோகத்துக்கு ஏற்ற மாதிரிதானா என்று பாருங்கள்

ஒவ்வோர் உலோகமும் உடலில் வெவ்வேறு இடத்தில் தங்குகிறது. தவறான மாதிரியில் அளந்த எண், சரியாக அளந்திருந்தாலும் பயன்படாது.

ஈயத்துக்கு முழு ரத்தம் வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் ஏறக்குறைய 99 விழுக்காடு சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், அணுக்களை நீக்கிய ரத்த நீரான சீரத்தில் பார்த்து ஒன்றும் தெரியாது. மருத்துவ முடிவுகள் எல்லாம் ரத்த அளவை ஒட்டியே எழுதப்பட்டவை. சிறுநீர் ஈயத்தை வைத்து அவற்றைப் பொருத்த முடியாது.

பாதரசத்துக்கு இரண்டு மாதிரிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருபவை. மீனிலிருந்து வரும் மெத்தில் பாதரசம் ரத்தத்தில் தெரியும். சருமத்தை வெளுக்கவைக்கும் கிரீம், சில நாட்டு மருந்துகள், உடைந்த வெப்பமானி போன்றவற்றிலிருந்து வரும் கனிமப் பாதரசமும் ஆவியும் சிறுநீரில் தெரியும். ரத்தத்தில் கூடுதலாகவும் சிறுநீரில் குறைவாகவும் இருந்தால் மீன் என்று எண்ணத் தொடங்கலாம். இரண்டிலும் கூடுதல் என்றால் குளியலறை அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆர்செனிக் ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால் அதற்குச் சிறுநீரே சரியான மாதிரி. காட்மியத்துக்கு ரத்தம் அண்மைய சேர்க்கையைக் காட்டும். சிறுநீர், பல பத்தாண்டுகளாகச் சிறுநீரகத்தில் சேர்ந்ததைக் காட்டும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் காட்மியம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

தலைமுடிப் பரிசோதனையை வைத்து எந்தச் சிகிச்சையையும் தொடங்க வேண்டாம். 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்றில், ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முடிச்சாயம், ஷாம்பு, குழாய்த் தண்ணீர் எல்லாம் முடியின் வெளிப்புறத்தில் படிகின்றன.

4. அலகையும் கிரியேட்டினினையும் சரிசெய்யுங்கள்

உள்ளூர் ஆய்வுக்கூடம், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக்கூடம், இணையத்தில் தேடிக் கிடைத்த அட்டவணை மூன்றும் மூன்று அலகுகளில் பேசும். ஈயம் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்றிருப்பதை டெசிலிட்டருக்கு 35 என்று எடுத்துக்கொண்டு கலங்கியவர்கள் இருக்கிறார்கள். சரியான எண் 3.5 மட்டுமே. லிட்டர் கணக்கைப் பத்தால் வகுத்தால் டெசிலிட்டர் கணக்கு கிடைக்கும். ஈயம் மைக்ரோமோலில் இருந்தால் 20.7-ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பாதரசம் நானோமோலில் இருந்தால் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கான மைக்ரோகிராம் ஏறக்குறைய கிடைத்துவிடும்.

சிறுநீர் அறிக்கையில் கிரியேட்டினின் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எல்லா உலோகமும் குறைவாகத் தெரியும். வெயிலில் அலைந்து வியர்த்தால் அடர்ந்து எல்லாம் கூடும். இதைச் சமன்செய்யவே ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆனால் இந்தச் சமன்பாடு ஓர் எல்லைக்குள்தான் நம்பத்தக்கது. கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராம்வரை, அதாவது டெசிலிட்டருக்கு 30 முதல் 300 மில்லிகிராம்வரை இருந்தால்தான் மாதிரியை ஏற்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உடலைக் கழுவிவிட வேண்டும் என்று மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகும் வழக்கம் லைம் சிகிச்சை எடுப்பவர்களிடம் அதிகம். கிரியேட்டினின் 20 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டால், லிட்டருக்கு வெறும் 1.2 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலும் கணக்கு ஆறாக உயர்ந்து காட்டும். அது சேர்ந்த ஈயம் இல்லை; தண்ணீர் செய்த வேலை.

5. இப்போது எண்ணைப் படியுங்கள்: சிவப்புப் பட்டை எதைச் சொல்கிறது

பெரும்பாலான அறிக்கைகளில் வரம்பு என்பது, சாதாரண மக்களில் 95 விழுக்காட்டினர் எந்த எண்ணுக்குள் அடங்குகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு. அதைத் தாண்டினால் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றுதான் பொருள். நச்சு பாதித்துவிட்டது என்று பொருள் ஆகாது. இருபது உலோகங்களை ஒரே தாளில் சோதித்தால், முற்றிலும் நலமாக இருப்பவருக்கும் ஒன்றிரண்டு கோட்டைத் தாண்டுவது எதிர்பார்க்க வேண்டியதே.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, அந்த உலோகத்துக்கு மருத்துவ நடவடிக்கை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் அப்படிப்பட்ட எண்கள் உண்டு. ஏழாம் படியில் கொடுத்திருக்கிறேன். பேரியம், சீசியம், டங்ஸ்டன், வெள்ளீயம் போன்ற வரிகள் சற்றே தாண்டியிருந்தால், வேலையிடத் தொடர்பு இல்லாதவரை அவற்றின் பின்னால் ஓட வேண்டியதில்லை.

6. ஆர்செனிக் கூடியிருந்தால் முதலில் தட்டைப் பாருங்கள்

நம் ஊரில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் வரி இதுதான். மீனிலும் இறாலிலும் நண்டிலும் ஆர்செனோபீட்டைன் என்ற வடிவத்தில் ஆர்செனிக் இருக்கிறது. அது நடைமுறையில் தீங்கற்றது, மாறாமல் சிறுநீரில் இறங்கிவிடும். மொத்த ஆர்செனிக்கை அளக்கும் பரிசோதனை இதையும், தீங்கான கனிம ஆர்செனிக்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு வேளை நல்ல கடலுணவு சாப்பிட்டாலே சிறுநீரின் மொத்த ஆர்செனிக் பல நூறு மைக்ரோகிராமுக்கு ஏறலாம்.

பினாங்கில் கடலுணவு என்று நினைத்துச் சாப்பிடாத கடலுணவே அதிகம். காலைப் பசியாறலுக்கு வாங்கும் நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி, சார் குவே தியோவில் இறாலும் கெராங்கும், அசாம் லக்சாவின் குழம்பே மீன், சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது. "நான் மீன் சாப்பிடவே இல்லையே" என்று ஓர் அக்கா உறுதியாகச் சொன்னபோது, முந்தைய மூன்று நாள் பசியாறலை ஒவ்வொன்றாகக் கேட்டதும் நெத்திலி வந்து நின்றது. குற்றம் அவருடையது இல்லை. தாளில் 'மீன் சாப்பிட்டீர்களா' என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

ஆகவே மொத்த ஆர்செனிக் கூடுதலாக இருந்தால் செய்ய வேண்டியவை இரண்டு. ஐந்து நாட்கள் எல்லாவகைக் கடலுணவையும், கடற்பாசியையும் தவிர்த்துவிட்டு மறுபடி மாதிரி கொடுங்கள். அல்லது, அதே மாதிரியில் கனிம ஆர்செனிக்கையும் அதன் வளர்சிதைப் பொருள்களையும் தனியாகப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். பிரித்து அளந்த எண்ணும் கூடுதலாக இருந்தால் அது உண்மையான செய்தி; அப்போது நாட்டு மருந்து, கிணற்றுத் தண்ணீர், வேலையிடம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

7. பாதரசமும் ஈயமும்: நடவடிக்கை தொடங்கும் எண்கள்

ரத்தப் பாதரசத்துக்கு ஜெர்மனியின் மனித உயிரியல் கண்காணிப்புக் குழு இரண்டு கோடுகள் போட்டிருக்கிறது. லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே கவலை வேண்டாம். 15-ஐத் தாண்டினால் மூலத்தைக் கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும். இடையில் இருப்பவர்கள் உணவை மாற்றிவிட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். சுறாப் புட்டும் பெரிய சூரையும் வாரம் தவறாமல் செய்கிற வீடுகளில் இந்த இடைநிலை எண் வருவது இயல்பு. அவற்றைக் குறைத்துக் கெம்போங், மத்தி, நெத்திலி பக்கம் திரும்பினால் போதும். மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும் என்பதால், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சோதித்தால்தான் மாற்றம் தெரியும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அதற்காக எல்லா எண்ணும் மருந்து கேட்கிறது என்று ஆகிவிடாது. ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு அதே ஆண்டு 3.5 என்ற எண்ணை வைத்தது. கீலேஷன் மருந்து பற்றிய பேச்சு குழந்தைகளுக்கே 45-இல்தான் தொடங்குகிறது. 6 என்ற எண்ணுக்கும் 45 என்ற எண்ணுக்கும் நடுவே உள்ள தொலைவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தேவையற்ற சிகிச்சைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விற்கப்படுகின்றன. கர்ப்பிணியோ கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரோ ஆனால் சிறிய எண்ணையும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேரும்.

8. எண் உண்மையாகவே கூடுதல் என்றால், மூலத்தைத் தேடுங்கள்

மருந்துக்கு முன் இது வர வேண்டும். மூலம் வீட்டிலேயே இருக்கும்போது எந்த மருந்தும் எண்ணை நிலையாகக் குறைக்காது.

சமையலறையில் முதலில் ஈயச் சொம்பை எடுத்துப் பாருங்கள். ரசம் வைக்கும் அந்தப் பாத்திரம் சுத்த வெள்ளீயத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். காரீயம் கலந்து செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் கரைந்து இறங்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ரத்த ஈயம் கூடுதலாக உள்ள வீட்டில், அது பாட்டி கொடுத்த சொம்பாகவே இருந்தாலும், அடுத்த பரிசோதனைவரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். உதிரியாக வாங்கிய மஞ்சள் தூளும், சாயக் குங்குமமும் அதே வரிசையில் வரும். மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயக் குரோமேட் கலந்தது வங்காளதேசத்தில் ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது.

அடுத்து மருந்துப் பெட்டி. பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் சேர்ப்பது சித்த மருத்துவ மரபின் முறை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. மலேசியாவில் பதிவு செய்த மரபு மருந்துகளில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொட்டலத்தில் இவை இரா. மருந்தைக் கொடுத்த வைத்தியரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெயரைக் குறித்து, பொட்டலத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

லைம் சிகிச்சைக்கென்று சேர்ந்த பொருள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். உலோகத்தை உறிஞ்சும் என்று விற்கப்படும் களிமண்ணிலேயே ஈயம் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. மேலும், களிமண், கரித்தூள், இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகள் டாக்சிசைக்ளினை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. நோய்க்கு எடுக்கும் ஆன்டிபயாட்டிக் வீணாகாமல் இருக்க, எந்த இடைவெளியில் எடுப்பது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறையில் வெளுக்கவைக்கும் கிரீம்கள். பாதரசம் கலந்த கிரீம்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது வெளியிடுகிறது. ஒருவர் பூசினாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் அது தொற்றும்.

பிறகு வேலையும் பொழுதுபோக்கும்: பழைய பேட்டரி உடைத்தல், ரேடியேட்டர் பழுதுபார்த்தல், பற்றவைப்பு, பழைய வீட்டின் சாயத்தைச் சுரண்டுதல், துப்பாக்கி சுடுதல், தூண்டிலுக்குக் காரீயக் குண்டு வார்த்தல். வேலையிடம் காரணம் என்று தோன்றினால், தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு பெற்ற தொழில்சார் மருத்துவரைப் பாருங்கள். அவர் சக தொழிலாளர்களையும் சோதிக்கச் சொல்ல முடியும்.

9. லைம் நோயோடு முடிச்சுப் போடும் முன்

உலோகம் இருப்பதால்தான் லைம் கிருமி உடலைவிட்டுப் போகவில்லை, உலோகத்தை எடுத்தால்தான் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஆய்வு நிரூபணம் இல்லை. ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பது, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காட்டாது.

லைம் நோய் முக்கியமாக வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிப்பிட்ட வகை உண்ணிகளால் பரவுவது. அங்கே தங்கித் திரும்பியவருக்கும், மலேசியாவைவிட்டு வெளியே போகாதவருக்கும் ஒரே லைம் பரிசோதனை முடிவு ஒரே பொருளைத் தராது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் தங்கலாம் என்பதால், அது தெரிவது கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. முறையான சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்குச் சோர்வும் மூட்டுவலியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிப்பது உண்மை. அந்தத் துன்பத்தை யாரும் கற்பனை என்று ஒதுக்கக் கூடாது. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு உட்பட, ஆன்டிபயாட்டிக்கை நீட்டித்துப் பார்த்த ஆய்வுகளில் கூடுதல் பயன் தெரியவில்லை. 2020-இல் அமெரிக்காவின் மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், பரிசோதனையில் தெரியும் சான்று இல்லாத நீடித்த அறிகுறிகளுக்கு மீண்டும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கிறது.

அதே அறிகுறிகளைத் தரும், மருந்தால் சரியாகக்கூடிய மற்றக் காரணங்களைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தைராய்டு, ரத்தசோகை, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு. சைவம் மட்டும் சாப்பிடுபவரும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் எடுப்பவரும் பி12 பார்க்க வேண்டும்; கைகால் மரத்துப்போவதை லைம் என்றும் உலோகம் என்றும் அலைந்தவர்களுக்குக் கடைசியில் பி12 குறைவு என்று தெரிந்ததுண்டு. இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், அந்த ஒரு பரிசோதனை இரண்டு கேள்விகளுக்கும் உதவும்.

10. மறுபரிசோதனையை முறையாகச் செய்யுங்கள்

கீலேஷன் மருந்து எதுவும் எடுத்திருந்தால் எத்தனை நாள் கழித்து மாதிரி தருவது என்று மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். கடலுணவு ஐந்து நாள் கிடையாது. ஸ்கேன் மருந்து ஏற்றியிருந்தால் குறைந்தது நான்கு நாள் பொறுங்கள். தண்ணீரை வழக்கம்போல் குடியுங்கள்.

ரத்தத்தைக் கை நரம்பிலிருந்து, உலோகப் பரிசோதனைக்கென்று வரும் அடர்நீல மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் மூடியிலிருந்தே உலோகம் கலக்கலாம். தாதி ஊதா மூடிக் குழாயை எடுத்தால் பணிவாகக் கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஈய அளவு கூடுதலாக வந்தால் நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்வது விதி, ஏனெனில் விரலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். சிறுநீரை ஆய்வுக்கூடம் தந்த பிளாஸ்டிக் குடுவையில் மட்டும் பிடியுங்கள்.

இருபது உலோகத் தொகுப்பு வேண்டாம். எந்த மூலத்தைச் சந்தேகிக்கிறீர்களோ அதற்குரிய ஓரிரண்டு உலோகங்களை மட்டும் கேளுங்கள். ரிங்கிட்டும் மிச்சம், வீண் சிவப்புப் பட்டையும் மிச்சம். மூலத்தை நீக்கிய பிறகு ஈயத்தை மறுபடி பார்க்க ஓரிரு மாதம் விடுங்கள். ரத்தத்தில் அது பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் பல ஆண்டுகள் வெளிப்பட்டவருக்கு இன்னும் தாமதமாகும்.

11. கீலேஷன் என்று பேச்சு வந்தால்

கீலேஷன் உண்மையான நச்சுக்கு உயிர்காக்கும் மருந்து. நச்சு இல்லாதவருக்கு அது ஆபத்து மட்டுமே. துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்து வெளியேறும். வெள்ளணு குறையலாம், கல்லீரல் நொதிகள் ஏறலாம், தோலில் தடிப்பு வரலாம். 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெரியவரும் கீலேஷனின்போது ரத்தக் கால்சியம் திடீரெனச் சரிந்து இறந்தார்கள். இடிடிஏ மருந்தில் டைசோடியம், கால்சியம் டைசோடியம் என்று பெயரளவில் நெருங்கிய இரண்டு வகைகள் உண்டு. ஈயத்துக்கு உரியது கால்சியம் உள்ளது. மற்றதுதான் உடலின் கால்சியத்தைப் பிடுங்குவது.

இன்னொன்றையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கீலேஷனோடு சேர்த்து அதிக அளவு வைட்டமின் சியை நரம்பில் ஏற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு அதனால் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. உங்கள் பிறப்புக் கால மருத்துவப் புத்தகத்தில் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

சம்மதிக்கும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தூண்டல் இல்லாத எந்த எண்ணை வைத்து இந்தச் சிகிச்சை, மருந்தின் முழுப் பெயரும் அளவும், சிறுநீரகம், கல்லீரல், ரத்த எண்ணிக்கை, கால்சியம் எப்போதெல்லாம் பார்க்கப்படும், எந்த எண்ணுக்கு இறங்கினால் நிறுத்துவீர்கள். முதல் கேள்விக்கு விடை இல்லையென்றால் மற்றவற்றைக் கேட்கத் தேவையில்லை.

இரண்டாம் கருத்துக்கு, அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கோ தொற்றுநோய்ப் பிரிவுக்கோ அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை உங்கள் மருத்துவரே தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம். போகும்போது தூண்டல் அறிக்கையையும், தூண்டல் இல்லாத புதிய அறிக்கையையும், முதல் படியில் எழுதிய பட்டியலையும் ஒன்றாகப் பின்னடித்து எடுத்துச் செல்லுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு, கைவிரல் இழுப்பு, மயக்கம், கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எந்த அறிக்கைக்கும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஏற்றிய மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.